பதினோரு நாள் நூல்

நாங்கள் தோற்றதை மாவட்ட எழுத்தர்
இரண்டே வரியில் முடித்துவிட்டார்:
ஹெய்ஷி துறையில் கொள்ளையர் ஒழிந்தனர்.
ஏழு நாள் ஆற்றுநீர் குடிக்க உதவவில்லை.
ஆற்றைப் பற்றி எழுதியது மட்டும் நிஜம்.

எனக்கு எழுத்து தெரியாது.
கேங் வீட்டுத் தையல்காரி நான்.
என் கணக்கெல்லாம் நூலில்.

அந்த வருஷம் வெட்டுக்கிளி போன தடத்திலேயே
தண்டல்காரன் வந்தான்.
விளையாத கோதுமைக்கு வரி.
செத்துப்போன மாமனாருக்குத் தலைவரி,
உயிரோடு இருந்தபோது கட்டியதைவிட
இரண்டு காசு கூட.
நியாயம் கேட்கப் போனவர் தோங் மான்சாங்.
மான்சாங் என்றால் நிறைந்த களஞ்சியம்.
அந்தப் பெயரை வைத்த வீட்டில்
எலியும் பட்டினி கிடந்தது என்பார்கள்.

காவுதடிகளால் களஞ்சியக் கதவை உடைத்தோம்.
உள்ளே
எங்கள் மண் இன்னும் ஒட்டியிருந்த
எங்கள் கோதுமை.
அன்று சிரித்த மாதிரி பிறகு யாரும் சிரிக்கவில்லை.

முன்னால் ஆறு. அக்கரையில் அரசுப் படை.
துறையில் முப்பது படகு சும்மா கிடந்தன.
அப்போதுதான் யூ சிங்கான் வாய் திறந்தான்,
மூன்று முறை தேர்வில் தோற்றவன்,
குரல் நல்ல குரல்:
"பட்டம் இல்லாத படை வெறும் திருட்டுக் கூட்டம்.
வானம் தன் ஆணையை எந்த விலாசத்துக்கு அனுப்பும்?
முதலில் மஞ்சள் அங்கி. பிறகு ஆறு."

பண்ணையாரின் கட்டில் திரைதான் பட்டு.
மூட்டைப்பூச்சி நசுங்கிய கறை தெரியாமலிருக்க
இரண்டு முறை சாயத்தில் முக்கினோம்.
டிராகனுக்குக் காலுக்கு ஐந்து நகம்.
ஒன்று குறைந்தாலும் சிற்றரசன்தான் என்றான் சிங்கான்.
நான்கு கால், இருபது நகம், செதில் வேறு.
பதினோரு நாள் தைத்தேன்.
அதற்குள் மழை வந்தது.
திறந்துகிடந்த கோதுமை முளைவிட்டது.
ஆட்கள் பச்சை நாற்றைப் பார்த்தார்கள்,
ஊரில் தரிசாய்க் கிடந்த நிலத்தை நினைத்தார்கள்,
இரவில் ஒவ்வொருவராக நழுவினார்கள்.

பன்னிரண்டாம் நாள் காலை
அங்கியைப் போட்டுப் பார்த்த மான்சாங்
"கை நீளமாயிருக்கிறதே, அம்மா" என்றார்.
குந்தி உட்கார்ந்து மடித்துக்கொண்டிருந்தேன்.
வாயில் இரண்டு ஊசி.
படகுகளின் சத்தம் அப்போது கேட்டது.
அவை எங்கள் படகுகள் இல்லை.

நாணலுக்குள்ளிருந்து என்னை இழுத்த சிப்பாய்க்கு
என் தம்பி வயசு. பல்லில் தோல் நார்.
ஐந்து மாதம் சம்பளம் இல்லையாம்,
இடுப்பு வாரை வேகவைத்துத் தின்றார்களாம்.
"உங்கள் பக்கம் மாவு வேகும் வாசம்
காற்றில் தினமும் வந்தது.
ஒரு படகு ரொட்டி வந்திருந்தால்
தடுப்பை நாங்களே திறந்திருப்போம்.
அதற்குத்தான் காத்திருந்தோம், அக்கா.
நீங்கள் ஏன் வரவில்லை?"

நான் பதில் சொல்லவில்லை.
அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.
அப்படித்தான் நான் பிழைத்தேன்.

ஒரு நகம் தைக்கிற நேரத்தில்
ஒன்பது சாக்கு தைப்பேன்.
இப்போது நீதிபதி வீட்டுத் துணிக்குப்
பொத்தான் கட்டும் இரவுகளில்
அந்தச் சாக்குகளைத் தைக்கிறேன்.
நிரப்புகிறேன். படகில் ஏற்றுகிறேன்.
யாரும் கோஷம் போடவில்லை.
அக்கரையில் பையன்கள் தின்கிறார்கள்,
விக்கல் எடுக்கிறது, சிலர் அழுகிறார்கள்.
தடுப்புக் கட்டை தூக்கப்படுகிறது.
அடுத்த மாவட்டம். அதற்கடுத்தது.
வரிப் பேரேட்டின் தாள்களைக் கூழ் தடவி ஒட்டி
பெண்கள் செருப்புக்கு அடி தைக்கிறார்கள்.
தலைநகரம் வரை நடக்க
நிறைய செருப்பு வேண்டும்.
அங்கே சிம்மாசனத்தில் யார்?
அவ்வளவு தூரம் என் நூல் எட்டவில்லை.

மான்சாங்கைக் குறை சொல்ல மாட்டேன்.
சிங்கானைக்கூட.
ஒன்றை மட்டும் ஒப்புக்கொள்ள வேண்டும்:
ஒன்பதாம் நாள் டிராகனின் கண்ணைத் தைத்தபோது
அது என்னைப் பார்த்தது.
பிறந்ததிலிருந்து பட்டைத் தொட்டதில்லை நான்.
அன்று யாராவது வந்து
போதும், சாக்கு தை என்று சொல்லியிருந்தால்
நான்தான்
இன்னும் ஒரு நாள் கேட்டிருப்பேன்.